பொக்லைன் வருவதற்கு முன்பே
(சமூக அறிவியல் – வகுப்பறை அனுபவமும் பாடக் குறிப்பும்)

எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி உள்ளது. அதன் மேல் தட்டில் உள்ள அட்டைப்பெட்டியில் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் 41 இருக்கின்றன. பெட்டியின் மீது, "கிடைத்த இடம்: சரியாகத் தெரியாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அது நான் செய்த தவற்றுக்கான குறிப்பு. அந்தத் தவற்றிலிருந்து உருவான பாடத்தைத்தான் ஆசிரிய நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கண்மாயில் தூர்வாரும் பணி நடந்தது. பொக்லைன் தோண்டிய இடத்தில் பெரிய தாழிகள் உடைந்து வெளிப்பட்டன. மறுநாள் காலை மாணவர்கள் சாப்பாட்டுப் பையில் ஓடுகளைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். "டீச்சர், பாட்டி சொன்ன முதுமக்கள் தாழி இதுதானாம்!" என்று ஒரு மாணவி கத்தினாள். எனக்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை. எல்லா ஓடுகளையும் ஒரே வாளியில் போட்டு, பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவினோம். உலர்த்தி அலமாரியில் அடுக்கினோம். "நம் ஊரின் பழமை" என்று தலைப்பும் வைத்தோம்.

ஆண்டு விழாவுக்கு வந்திருந்த ஓய்வு பெற்ற தொல்லியல் அலுவலர் ஒருவர் அலமாரியைப் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"இது எந்த இடத்தில் கிடைத்தது? எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது? பக்கத்தில் வேறு என்ன இருந்தது?"

எனக்கு ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. ஒரு மாணவன் மட்டும் தயங்கித் தயங்கி, "நான் கரையில கெடந்தத எடுத்தேன் சார். அவன் பள்ளத்துக்குள்ள இருந்து எடுத்தான். டீச்சர் எல்லாத்தையும் ஒண்ணா கழுவிட்டாங்க" என்றான். அவர் சிரித்துக்கொண்டே, "ஓட்டில் ஒட்டியிருந்த மண்ணும் சாட்சிதானம்மா" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாழியை உடைத்தது பொக்லைன். அதன் கதையை உடைத்ததில் எனக்கும் பங்கு இருந்தது.

அதன் பிறகுதான் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. சாலையும் அணையும் பள்ளிக் கட்டடமும் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால், இயந்திரம் வருவதற்கு முன்பே மண்ணைப் படித்துவிட வழி உண்டா? உலகில் எங்காவது அதை முறையாகச் செய்கிறார்களா?

இரண்டு மேடுகள், இரண்டு இரயில் பாதைகள்

ஹரப்பா பாடம் நடத்தும்போது இரயில் பாதைக் கதையை நாம் எல்லோரும் சொல்கிறோம். 1850களில் லாகூர்-முல்தான் இரயில் பாதை அமைத்தபோது ஹரப்பாவின் சுட்ட செங்கற்களை அள்ளிச் சென்று தண்டவாளத்தின் அடியில் கொட்டினார்கள். ஏறத்தாழ 100 மைல் நீளப் பாதைக்குப் போதுமான செங்கல் அங்கிருந்து போனதாக அலெக்சாண்டர் கன்னிங்காம் பின்னாளில் பதிவு செய்தார். அது சிந்துவெளி நாகரிகத்தின் நகரம் என்பது 1920களில்தான் உலகுக்குத் தெரிந்தது. அதற்குள் மேற்பகுதியின் பெரும்பங்கு போய்விட்டது.

இதே போன்ற கதை வட அமெரிக்காவிலும் உண்டு. மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு 'மேட்டு நகரம்' என்றே ஒரு பட்டப்பெயர் இருந்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களின் முன்னோர் எழுப்பிய மண்மேடுகள் அங்கே நிறைந்திருந்தன. அவற்றுள் மிகப் பெரியதை 1869 வாக்கில் முழுவதும் வெட்டி எடுத்தார்கள். அந்த மண் இரயில் பாதைக்கான நிலத்தை நிரப்பப் போனது. மேடு சிறிது சிறிதாகக் கரைவதைத் தாமஸ் ஈஸ்டர்லி என்ற ஒளிப்படக்காரர் படம் பிடித்து வைத்தார். அந்தப் படங்களே இன்று எஞ்சியிருக்கின்றன.

ஆற்றின் கிழக்குக் கரையில், இலினாய் மாநிலத்தில், இம்மக்களின் தலைநகர் போன்ற ககோக்கியா இருக்கிறது. கி.பி. 1050 முதல் 1200 வரை அது செழித்திருந்தது. அங்கே ஏறத்தாழ 120 மேடுகள் இருந்தன. அவற்றுள் பெரியதன் அடிப்பரப்பு 14 ஏக்கர். உயரம் ஏறத்தாழ 30 மீட்டர். 1982இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வகுப்பில் இவ்விரு மேடுகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து வரையுங்கள். "இரயில் பாதை போட்டவர்கள் கெட்டவர்களா?" என்று கேளுங்கள். முதலில் "ஆமாம்" என்பார்கள். சிறிது நேரத்தில் ஒரு குழந்தை, "அவங்களுக்குத் தெரியாது டீச்சர்" என்று சொல்லும். பாடம் அங்கே தொடங்குகிறது. தெரியாமல் அழிந்ததைத் தெரிந்துகொள்வது யார் பொறுப்பு?

ஒப்பந்தத் தொல்லியல் என்றால் என்ன?

அந்தக் கேள்விக்கு அமெரிக்கா ஒரு சட்டத்தின் வழியாக விடை கண்டது. 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஒரு கடமையை விதித்தது. மத்திய அரசின் பணத்திலோ அனுமதியிலோ நடக்கும் எந்தத் திட்டமும், வரலாற்று இடங்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே ஆராய வேண்டும். 1974இல் வந்த மற்றொரு சட்டம், திட்டச் செலவில் 1 விழுக்காடு வரை தொல்லியல் மீட்புப் பணிக்குச் செலவிடலாம் என்றது.

இதன் விளைவாக ஒரு புதிய தொழிலே பிறந்தது. சாலை போடும் துறை, தொல்லியலாளர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அவர்கள் சாலைக்கு முன்னே நடக்கிறார்கள். இதையே ஒப்பந்தத் தொல்லியல் என்கிறோம். பழைய இடங்களையும் பொருள்களையும் காட்டையும் நீரையும் போல ஒரு வளமாகக் கருதி, கணக்கெடுத்து, மதிப்பிட்டு, பேணுகிற முழுப் பணிக்கும் பண்பாட்டு வள மேலாண்மை என்று பெயர். காட்டுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. காட்டை மீண்டும் வளர்க்கலாம். கலைந்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க முடியாது.

பணி பொதுவாக மூன்று நிலைகளில் நடக்கிறது.

முதல் நிலை, தேடுதல். பழைய வரைபடங்களையும் பதிவேடுகளையும் பார்க்கிறார்கள். சாலை போகும் வழி முழுவதும் நடக்கிறார்கள். உழுத நிலத்தில் ஓடுகள் மேலேயே தெரியும். புல்லும் மரமும் மூடிய இடத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் சிறு குழி தோண்டி, மண்ணைச் சலித்துப் பார்க்கிறார்கள்.

இரண்டாம் நிலை, சோதித்தல். கண்டுபிடித்த இடம் எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழம், கலையாமல் இருக்கிறதா, புதிதாக எதையாவது சொல்லுமா என்று மதிப்பிடுகிறார்கள்.

மூன்றாம் நிலை, முடிவு. சாலையைச் சற்று விலக்க முடிந்தால் விலக்குகிறார்கள். அதுவே சிறந்த வழி. முடியாவிட்டால் முழு அகழாய்வு செய்து, அளந்து, வரைந்து, படமெடுத்து, பொருள்களைச் சேகரித்த பிறகு நிலத்தைச் சாலைக்கு விடுகிறார்கள்.

இங்கே மாணவர்களுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்தச் சட்டம், "பழைய இடம் இருந்தால் சாலை போடாதே" என்று சொல்லவில்லை. "பார்த்த பிறகு, யோசித்த பிறகு முடிவெடு" என்கிறது. பல நேரங்களில் முடிவு சாலைக்குச் சாதகமாகவே வரும். ஆனால், போனது என்ன என்பது எழுத்தில் இருக்கும்.

சாலை தேர்ந்தெடுத்த அகழாய்வு

ககோக்கியா பகுதியில் நடந்த பணி இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. செயின்ட் லூயிஸ் நகருக்குக் கிழக்கே, மிசிசிப்பியின் வெள்ளச் சமவெளி வழியாக ஒரு புறவழி நெடுஞ்சாலை திட்டமிடப்பட்டது. இன்று அதன் எண் 255. திட்டமிடும்போது வழங்கிய எண்ணால் அந்த ஆய்வை 'எஃப்.ஏ.ஐ. 270 திட்டம்' என்று அழைக்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் இலினாய் பல்கலைக்கழகம், மாநிலப் போக்குவரத்துத் துறையோடு சேர்ந்து இந்தப் பணியைத் தொடங்கியது.

அதுவரை ஆய்வாளர்களின் கண் பெரும்பாலும் பெரிய மேடுகளின் மேலேயே இருந்தது. அரசர் இருந்த இடத்தையே எவரும் தோண்ட விரும்புவர். சாலைக்கு அந்த விருப்பம் கிடையாது. அது வயல், குடிசை, குப்பைக்குழி என எல்லாவற்றின் குறுக்கேயும் கோடு போட்டதுபோல் போகும். அதனால் தொல்லியலாளர்கள், தாங்களாகப் போயிருக்க மாட்டாத சிற்றூர்களைத் தோண்ட வேண்டியதாயிற்று. பெருநகரத்துக்குச் சோறு போட்ட உழவர்களின் வீடுகள் வெளிப்பட்டன. நடுவே முற்றமும் சுற்றிலும் வீடுகளுமாக இருந்த ஊர்கள் தெரிந்தன. ககோக்கியா தோன்றுவதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் சிற்றூர்கள் எப்படி மாறின என்பதைப் படிப்படியாகச் சொல்ல முடிந்தது.

என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அங்கேயும் இயந்திரங்கள் இருந்தன! உழவால் கலைந்த மேல்மண்ணை விரைவாக அகற்றப் பெரிய இயந்திரங்களையே பயன்படுத்தினார்கள். மேல்மண் போனதும், கீழே பழைய குழிகளும் வீட்டு அடித்தளங்களும் கரிய கறைகளாகத் தெரிந்தன. அதன் பிறகு கையால் தோண்டினார்கள். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்றால் இயந்திரமும் உதவும்.

இன்னொரு செய்தி, நான் கழுவி ஊற்றிய மண்ணை நினைவுபடுத்தியது. குழிகளிலிருந்து எடுத்த மண்ணை நீரில் கரைத்தார்கள். கரிந்த விதைகள் எடை குறைவானவை. மிதந்து மேலே வந்தன. அவற்றை நுண்சல்லடையில் பிடித்து உலர்த்திப் பார்த்தபோது, மக்காச்சோளம் பெருகுவதற்கு முன்பே அம்மக்கள் சில சிறுவிதைப் பயிர்களை வளர்த்து உண்டது தெரிந்தது. அவற்றுள் ஒன்று நம் சக்கரவர்த்திக் கீரையின் இனத்தைச் சேர்ந்தது. நாம் களை என்று பிடுங்கி எறியும் செடிகளின் உறவினர் ஓர் ஊரையே காப்பாற்றியிருக்கின்றன. அதைச் சொன்னது வாளியில் மிதந்த கரித்துகள்.

1979இல் இதே திட்டத்தின் ஓரிடத்தில் சிவந்த கல்லால் செய்த சிறு சிலை ஒன்று கிடைத்தது. உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. முழந்தாளிட்ட ஒரு பெண், கையில் மண்வெட்டி போன்ற கருவியுடன் ஒரு பாம்பின் முதுகைக் கொத்துகிறாள். அந்தப் பாம்பின் வால் கொடியாகி, அவள் முதுகில் ஏறிச் சுரைக்காய் போன்ற காய்களைத் தாங்குகிறது. பர்கர் சிலை என்று அதற்குப் பெயர். உழவும் நிலமும் பெண்மையும் அம்மக்கள் மனத்தில் எப்படிப் பிணைந்திருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று அரிது. சாலை அந்த வழியாகப் போகாவிட்டால் அது யாருக்கும் கிடைத்திருக்காது. ஆய்வாளர்கள் முன்னே நடக்காவிட்டால் சாலைக்கு அடியில் நொறுங்கியிருக்கும்.

இதற்கும் முன்பே, 1961இல், சாலைப் பணிக்கு முந்தைய மீட்பு அகழாய்வில் வாரன் விட்ரி என்பவர் ககோக்கியாவில் பெரிய கம்பக்குழிகளைக் கண்டார். அவற்றை வரைபடத்தில் குறித்தபோது வட்டமாக அமைந்தன. சூரியன் உதிக்கும் திசையைக் கொண்டு பருவங்களைக் கணிக்க நட்ட மரக்கம்பங்கள் அவை என்று விளங்கியது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாள்களில் பெரிய மேட்டின் திசையில் சூரியன் எழும். வரைபடம் இல்லாவிட்டால் அவை வெறும் குழிகள்தாம்.

ஏன் ஒரு பொதுத் திட்டம்?

ஒப்பந்தப் பணியைத் தனியார் நிறுவனங்களும் செய்கின்றன. நல்ல நிறுவனங்கள் பல உள்ளன. ஆனால் இந்த முறையில் உள்ளபடியே சில சிக்கல்கள் உண்டு. பணம் தருபவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் போகலாம். அறிக்கை அலுவலகக் கோப்பில் தூங்கலாம். பொருள்களை யார், எத்தனை ஆண்டுகள் வைத்துக் காப்பது என்பது தீராத தலைவலி.

இலினாயில் இதைப் பல்கலைக்கழகம் சார்ந்த பொது ஆய்வுத் திட்டமாக வளர்த்தார்கள். அது இன்று இலினாய் மாநிலத் தொல்லியல் அளவை நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. ஒரே அமைப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பணி செய்வதால், ஒரு சாலையில் கற்றது அடுத்த சாலைக்குப் பயன்படுகிறது. அறிக்கைகள் தொடராக அச்சாகின்றன. மாணவர்கள் களத்தில் பயிற்சி பெறுகிறார்கள். பொருள்கள் பல்கலைக்கழகப் பாதுகாப்பில் இருக்கின்றன. நாளை புதிய கருவி வந்தால் மீண்டும் ஆராயலாம்.

இந்த நிறுவனத்தினர் 2008 முதல் 2012 வரை, மிசிசிப்பி ஆற்றின் மீது புதிய பாலம் கட்டுவதற்கு முன் கிழக்கு செயின்ட் லூயிஸில் அகழாய்ந்தார்கள். பழைய கால்நடைச் சந்தையும் தொழிற்சாலைக் கழிவும் மூடிக்கிடந்த நிலம் அது. அதற்குக் கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வீட்டு அடித்தளங்கள் இருந்தன. "நகரமாகிவிட்ட இடத்தில் இனி என்ன இருக்கப் போகிறது?" என்ற எண்ணத்தை அந்த அகழாய்வு மாற்றியது. 2014இல் பாலம் திறக்கப்பட்டது. அகழாய்வு முடிந்த இடத்தின் மீது இன்று வண்டிகள் ஓடுகின்றன.

முழு மனநிறைவோடு இந்தக் கதையை முடிக்க முடியாது. இந்த மேடுகளை எழுப்பியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஓசேஜ் மக்கள் அவர்களுள் ஒருவர். முன்னோரின் எலும்புகளை அருங்காட்சியகப் பெட்டியில் வைப்பதை அவர்கள் ஏற்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பின், 1990இல், பழங்குடியினரின் முன்னோர் எச்சங்களையும் புனிதப் பொருள்களையும் உரியவர்களிடம் திருப்பித் தரச் சட்டம் வந்தது. 2009இல் ஓசேஜ் மக்கள், செயின்ட் லூயிஸில் எஞ்சியிருந்த ஒரு மேட்டின் ஒரு பகுதியைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். ஒரு காலத்தில் தங்கள் முன்னோர் எழுப்பியதை வாங்க அவர்கள் பணம் கட்ட வேண்டியிருந்தது. இதை வகுப்பில் சொன்னபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

நம் நாட்டில்

நமக்கும் ஒரு பெருமைக்குரிய முன்னோடி உண்டு. கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை கட்டினால், இக்சுவாகு மன்னர்களின் தலைநகராக இருந்த விஜயபுரிப் பள்ளத்தாக்கு முழுவதும் மூழ்கிவிடும் என்று தெரிந்தது. 1954 முதல் 1960 வரை இந்தியத் தொல்லியல் துறை, ஆர். சுப்பிரமணியம் தலைமையில் அங்கே பெரும் மீட்பு அகழாய்வை நடத்தியது. முக்கியமான கட்டட அமைப்புகளைப் பெயர்த்து, மலை உச்சியிலும் அருகில் உள்ள அனுப்பு என்னுமிடத்திலும் மீண்டும் அமைத்தார்கள். நீர் சூழ்ந்ததும் அந்த மலை தீவாயிற்று. இன்று படகில் போய் அருங்காட்சியகத்தைக் காணலாம். ஓர் இளம் குடியரசு, அணையும் வேண்டும் வரலாறும் வேண்டும் என்று முடிவெடுத்தது.

ஆனால் பெரிய அணைக்குக் கிடைத்த கவனம் சிறிய கண்மாய்க்குக் கிடைப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச் சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும், அறிவிக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் விதிக்கின்றன. அறிவிக்கப்படாத ஊர்ப்புறத் தாழிக்காட்டுக்கு அந்த வேலி இல்லை. அங்கே முதல் கண் ஊர் மக்களுடையது. பெரும்பாலும் நம் மாணவர்களுடையது. மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. இதை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லி வைப்பது நம் வேலை.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. நூற்றில் ஒன்று. ஒரு குழுவுக்கு 100 புளியங்கொட்டைகள் கொடுங்கள். அது சாலைச் செலவு. அதில் ஒன்றை மட்டும் தொல்லியல் குழுவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சாலை வழியில் ஆறு பழைய இடங்கள் உள்ளதாக வரைபடம் தாருங்கள்: மேடு, சிற்றூர், குப்பைக்குழி, ஈமக்காடு, சூளை, பழைய கிணறு. ஒரு புளியங்கொட்டையைக் கொண்டு இரண்டு இடங்களையே தோண்டலாம். எதைத் தோண்டுவது? ஏன்? எங்கள் வகுப்பில் முதல் முறை எல்லாக் குழுவும் மேட்டைத் தேர்ந்தது. இலினாய்க் கதையைக் கேட்ட பிறகு மூன்று குழுக்கள் குப்பைக்குழிக்கு மாறின.

2. மண்ணடுக்குப் பெட்டி. பழைய பிளாஸ்டிக் தொட்டியில் மணல், செம்மண், சாம்பல் கலந்த மண் என மூன்று அடுக்கு போடுங்கள். ஒவ்வொன்றிலும் பழைய நாணயம், உடைந்த வளையல், ஓடு ஆகியவற்றை வையுங்கள். மேல் அடுக்கிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் இடம், ஆழம், அருகில் இருந்தது என்ற மூன்றையும் சீட்டில் எழுதச் செய்யுங்கள். பிறகு இன்னொரு தொட்டியைக் கையால் கலக்கிவிட்டு, "இப்போது எது பழையது?" என்று கேளுங்கள்.

3. மிதக்கும் விதை. அடுப்புச் சாம்பலோடு கருகிய தானியங்களை மண்ணில் கலந்து வாளி நீரில் கரையுங்கள். மேலே மிதப்பதை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து அடர்த்தியைப் பேசலாம்.

4. கூட்டம். சாலைத் துறை, தொல்லியல் குழு, நிலம் கொடுத்த விவசாயி, ஆம்புலன்ஸுக்குச் சாலை வேண்டும் என்கிற தாய், முன்னோரைப் புதைத்த மக்கள். ஐந்து தரப்பும் பேசட்டும். பணம் தருபவரே ஆய்வு முடிவைத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வியைக் கடைசியில் எழுப்புங்கள். தீர்ப்பு நாம் சொல்ல வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: உண்மையான தொல்லியல் இடத்தில் மாணவர்களைத் தோண்ட விடக்கூடாது. அகழாய்வுக்கு உரிய அனுமதி வேண்டும். நம் வேலை பார்ப்பது, படமெடுப்பது, இடத்தைக் குறிப்பது, உரியவர்களுக்குத் தெரிவிப்பது. கீழே கிடப்பதைக் கிடந்த இடத்திலேயே விடுவதும் ஒரு திறன். கற்பிக்க மிகவும் கடினமான திறன் அதுதான்.

எங்கள் பள்ளிக் கட்டடம்

பாடம் நடத்திய அடுத்த ஆண்டு, எங்கள் பள்ளிக்கு இரண்டு புதிய வகுப்பறைகள் ஒதுக்கீடு ஆயின. அடித்தளத்துக்கு அளந்து சுண்ணாம்புக் கோடு போட்ட இடம், மைதானத்தின் கிழக்கு ஓரம். மழைக்குப் பிறகு அங்கே ஓடுகள் தெரியும். என் மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். "டீச்சர், நாம சொல்லணும்ல?" என்றாள் ஒருத்தி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. நான்கு ஆண்டுகளாக மரத்தடியில் நடந்த வகுப்புகள் உண்டு. பணி நின்று போனால் பெற்றோர் என்ன சொல்வார்கள்? தலைமை ஆசிரியர், "மார்ச்சுக்குள்ள பணத்தைச் செலவு பண்ணியாகணும்மா. திரும்பிப் போயிட்டா யார் பொறுப்பு?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவரே, "எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார். மாணவர்கள் வரைந்த மைதான வரைபடத்தை இணைத்துக் கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் கடிதம் அனுப்பினோம்.

ஒருவர் வந்தார். நடந்து பார்த்தார். அடித்தளம் தோண்டும்போது உடனிருந்து பார்த்தார். அரை ஆள் ஆழம் வரை உடைந்த ஓட்டுக் கூரைத் துண்டுகளும் பழைய செங்கல்லும் ஒரு துருப்பிடித்த மணியும் கிடைத்தன. பழைய பள்ளிக் கட்டடத்தின் இடிபாடு. அதற்குக் கீழே கலையாத மண். தாழி எதுவும் இல்லை. ஒரு வாரத்தில் வேலை தொடர்ந்தது. மார்ச்சுக்கு முன்பே தளம் போட்டாகிவிட்டது.

"ஒண்ணுமே இல்லையே டீச்சர்" என்று ஒரு மாணவன் வருத்தப்பட்டான். "இல்லைன்னு இப்போ நமக்குத் தெரியும்ல?" என்று அவன் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். 'எதுவும் இல்லை' என்பதும் பதிவேட்டில் ஏற வேண்டிய ஒரு முடிவுதான் என்பதை அவள் என்னைவிட எளிதாகச் சொல்லிவிட்டாள்.

அந்த மணி இப்போது அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அதன் சீட்டில் இடம், ஆழம், அருகில் கிடைத்தவை, நாள் எல்லாம் ஒரு மாணவியின் கையெழுத்தில் உள்ளன. மேல் தட்டில் என் பழைய அட்டைப்பெட்டியும் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதம், புதிதாக வரும் ஏழாம் வகுப்பிடம் இரண்டையும் இறக்கிக் காட்டுகிறேன். "இரண்டில் எது நமக்கு அதிகம் சொல்கிறது?" என்று கேட்கிறேன். வயதில் மிகவும் இளையது அந்த மணிதான். ஆனாலும் குழந்தைகள் மணியைத்தான் காட்டுகிறார்கள்.

உங்கள் பள்ளி அலமாரியிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். கொண்டு வந்த மாணவர் இன்னும் ஊரில் இருந்தால் இன்றே கேட்டு, நினைவில் உள்ளவரை இடத்தை எழுதி வையுங்கள். அடுத்த முறை பொக்லைன் ஊருக்குள் வரும்போது, அதற்கு முன்பே நம் மாணவர் ஒருவர் குறிப்பேட்டோடு அங்கே நிற்கட்டும்.